ஆழம் பார்த்துக் காலை வைக்கலாம்: வேலைக்குப் புதியவர்களுக்கு லினக்ஸ் டெர்மினல்

வேலையில் சேர்ந்த முதல் வாரம். டீம் லீட் உங்கள் மேசைக்கு வந்து ஒரு சர்வரின் ஐபி எண்ணையும் பயனர் பெயரையும் தருகிறார். "டிஸ்க் ஃபுல்லுன்னு அலர்ட் வந்திருக்கு. கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்க" என்கிறார். இணைந்ததும் கறுப்புத் திரை வருகிறது. மௌஸால் தட்ட ஒரு படம்கூட இல்லை. ஒற்றை வரியும் அதன் முடிவில் துடிக்கும் கர்சரும்தான் இருக்கின்றன. கல்லூரியில் ஜாவாவும் பைத்தானும் நன்றாகப் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தத் திகைப்பு ஒரு மாதத்தில் போய்விடும். அதற்கு நூறு கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நாற்பதுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒன்றை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கட்டளைகளில் பார்க்கும் கட்டளைகள் உண்டு, மாற்றும் கட்டளைகள் உண்டு. பார்க்கும் கட்டளையை எத்தனை முறை தட்டினாலும் சர்வருக்குச் சேதம் இல்லை. மாற்றும் கட்டளை ஒரே ஒருமுறை தவறினாலும் திரும்ப எடுக்க வழியில்லாமல் போகலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வீட்டில் சொல்வார்களே, டெர்மினல் வேலைக்கும் அதுதான் அடிப்படை விதி. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது: முதலில் பார்ப்பது, பிறகு தொடுவது.

ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். 'எல்எஸ்' என்று படித்தால், எல், எஸ் என்ற இரு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள்.

இன்னமும் ஏன் டெர்மினல்?

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ் கெர்னல். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அதுதான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையிலும் லினக்ஸ்தான்.

வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நெருக்கமான காரணங்கள் உண்டு. நீங்கள் பார்க்கப்போகும் சர்வர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும். அதற்குத் திரையும் கிடையாது, மௌஸும் கிடையாது. 'எஸ்எஸ்எச்' என்ற கட்டளை வழியாக உள்ளே போனால் போவதும் வருவதும் வெறும் எழுத்து. அதனால் நெட் மந்தமாக இருந்தாலும் வேலை நடக்கும். இன்று தட்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், நாளை அதையே நூறு சர்வர்களில் ஓட்டலாம். மௌஸால் செய்த வேலையை இப்படி எழுதி வைக்க முடியாது.

கட்டளைகளின் பெயர்கள் ஏன் இரண்டு மூன்று எழுத்தில் இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது, அவர்கள் முன்னால் இருந்தது காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப். அது நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்க வேண்டிய காலத்தில் பெயர்களைச் சுருக்கினார்கள். யூனிக்ஸின் வழியைப் பின்பற்றிய லினக்ஸும் அந்தப் பெயர்களையே வைத்துக்கொண்டது.

முதலில் அந்த வரியைப் படியுங்கள்

கர்சருக்கு முன்னால் இருக்கும் வரிக்குப் பிராம்ப்ட் என்று பெயர். பெரும்பாலும் அதில் நான்கு செய்திகள் இருக்கும். நீங்கள் யார், எந்தக் கணினியில் இருக்கிறீர்கள், எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள், உங்களுக்கு எவ்வளவு அதிகாரம். கடைசியில் $ இருந்தால் சாதாரணப் பயனர். # இருந்தால் ரூட், அதாவது அந்த இயந்திரத்தில் எதையும் செய்யும் அதிகாரம் பெற்றவர்.

என்டர் தட்டும் முன் பிராம்ப்டைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் நான்கு ஜன்னல் திறந்திருக்கும். டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் சர்வரில் கட்டளையைத் தட்டுவது இந்தத் தொழிலில் மிகப் பெரிய விலை கொடுக்க வைக்கும் தவறு. சந்தேகம் வந்தால் 'ஹோஸ்ட்நேம்' என்று தட்டுங்கள், கணினியின் பெயர் வரும். 'ஹூஆம்ஐ' என்று தட்டினால் உங்கள் பெயர் வரும்.

எங்கே நிற்கிறேன், இங்கே என்ன இருக்கிறது?

விண்டோஸில் பழகியவர்கள் சி டிரைவையும் டி டிரைவையும் தேடுவார்கள். லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். அதன் வேர் / என்ற ஒற்றைக் குறி. வேரிலிருந்து கிளைகள் பிரிகின்றன. /ஹோம் என்பதில் பயனர்களின் கோப்புகள் இருக்கும். /இடிசி என்பதில் கணினியின் அமைப்புக் கோப்புகள். /வார்/லாக் என்பதில் நடந்தவை எல்லாம் பதிவாகும் லாக் கோப்புகள். /டிஎம்பி தற்காலிகக் கோப்புகளுக்கானது. அதில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது.

இந்த மரத்தில் ஏறி இறங்க மூன்று கட்டளைகள் போதும்.

பிடபிள்யூடி: நான் நிற்கும் இடம் எது?

எல்எஸ்: இங்கே என்னென்ன இருக்கின்றன? 'எல்எஸ் -எல்எச்' என்றால் அளவு, தேதி, உரிமையாளர் விவரங்களுடன் காட்டும். 'எல்எஸ் -ஏ' புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளையும் காட்டும். சர்வர் பார்ப்பவர்கள் அதிகம் தட்டுவது 'எல்எஸ் -எல்டிஆர்'. கடைசியாக மாறிய கோப்பு கடைசி வரியில், கர்சருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏதோ பிரச்சினை என்றால் அண்மையில் மாறியது எது என்பதுதான் முதல் கேள்வி.

சிடி: வேறு ஃபோல்டருக்குப் போ. 'சிடி ..' ஒரு படி மேலே. 'சிடி -' சற்று முன் இருந்த இடத்துக்கு. வெறும் 'சிடி' உங்கள் வீட்டு ஃபோல்டருக்கு.

இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அடுத்தது, இடைவெளி என்பது ஷெல்லுக்கு, அதாவது நீங்கள் தட்டுவதைப் படித்து இயக்கும் நிரலுக்கு, ஒரு வேலி. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அதை இரண்டு பெயர்களாக எடுத்துக்கொள்ளும். அதனால் அப்படிப்பட்ட பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

டேப் விசையை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். நேரம் மிச்சமாவது சின்ன லாபம். டேப் நிரப்பவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பெயரில் அங்கே கோப்பு இல்லை, அல்லது அதே எழுத்துகளில் பல கோப்புகள் இருக்கின்றன. அதாவது நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்களோ என்று என்டருக்கு முன்பே தெரிந்துவிடும். மேல் அம்பு பழைய கட்டளையைக் கொண்டுவரும். கன்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளுக்குள் தேடும். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த கன்ட்ரோல்-சி.

கோப்பைத் திறக்காமல் படிக்கலாம்

சிறிய கோப்பு என்றால் 'கேட்'. பெரிய கோப்பு என்றால் 'லெஸ்', அதில் ஒவ்வொரு பக்கமாகப் படிக்கலாம். / போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் தேடும், கியூ தட்டினால் வெளியே வரும். 'ஹெட்' முதல் பத்து வரிகளையும் 'டெயில்' கடைசிப் பத்து வரிகளையும் காட்டும். 'டெயில் -எஃப்' என்று லாக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், புதிய வரிகள் விழ விழத் திரையில் ஓடும். டெவலப்பர் ஒரு பக்கம் பட்டனை அழுத்த, நீங்கள் மறுபக்கம் லாகைப் பார்த்துக் காரணத்தைச் சொல்வது சப்போர்ட் வேலையில் தினமும் நடப்பது.

ஜிஆர்இபி என்று தட்டி 'கிரெப்' என்று சொல்வார்கள். கோப்புக்குள் குறிப்பிட்ட சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். '-ஐ' சேர்த்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காது. '-சி' சேர்த்தால் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும்.

இவற்றை இணைப்பது | என்ற குறி. பைப் என்பார்கள். இடப்பக்கக் கட்டளை தருவதை வலப்பக்கக் கட்டளை வாங்கிக்கொள்ளும். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்தியதன் பேரில் 1973-இல் யூனிக்ஸுக்குள் வந்த யோசனை இது. ஒவ்வொரு கருவியும் ஒரு வேலையை மட்டும் நன்றாகச் செய்யட்டும், பெரிய வேலையை அவை கைகோத்துச் செய்யட்டும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. நாற்பது கட்டளைக்குள் பிழைக்க முடிவதற்கு இதுவே காரணம்.

டிஸ்க் நிறைந்த சர்வர்: ஒரு செய்முறை

இனி டீம் லீட் தந்த வேலைக்குப் போவோம். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் டெர்மினலின் பாதி கைக்கு வந்துவிடும்.

1. 'ஹோஸ்ட்நேம்'. சரியான சர்வர்தானா என்று உறுதி செய்யுங்கள்.

2. 'டிஎஃப் -எச்'. எந்தப் பகுதி நிறைந்திருக்கிறது என்று சதவீதத்துடன் காட்டும். /வார் 100% என்று வருவதாக வைத்துக்கொள்வோம்.

3. 'டியூ -எஸ்எச் /வார்/* | சார்ட் -எச்'. /வாருக்குள் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளவு வரிசையில் அடுக்கும். மிகப் பெரியது கடைசி வரியில் இருக்கும். அதற்குள் போய் இதையே மீண்டும் செய்யுங்கள். மூன்று நான்கு படியில் இடத்தை விழுங்கிய கோப்பு அகப்பட்டுவிடும்.

4. அது 40 ஜிபிக்கு வளர்ந்த ஒரு லாக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் இந்த இடத்தில் அவசரப்பட்டு அழித்துவிடுவார்கள். கையை எடுத்துவிட்டு முதலில் 'டெயில்' போட்டுப் படியுங்கள். ஒரே பிழைச் செய்தி நொடிக்கு நூறு முறை எழுதப்படுகிறதா? நோய் அங்கே இருக்கிறது. அதைச் சொல்லாமல் கோப்பை மட்டும் காலி செய்தால் நாளைக் காலை அதே அலர்ட் வரும்.

5. அந்த லாக் வேண்டுமா, வேண்டாமா என்று அதற்கு உரியவர்களிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் இடம் உள்ள வேறு பகுதியில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை 'ஜிசிப்' கொண்டு சுருக்கி வையுங்கள்.

6. வேண்டாம் என்றாலும் 'ஆர்எம்' போடாதீர்கள். ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தால், பெயர் மறைந்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. அந்த நிரல் கோப்பை மூடும்வரை டிஎஃப் அதே 100% காட்டும். இதற்கு 'ட்ரங்கேட் -எஸ் 0' என்ற கட்டளையுடன் கோப்பின் பெயரைத் தாருங்கள். கோப்பு அங்கேயே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் காலியாகும், இடமும் உடனே கிடைக்கும். யாரோ ஏற்கெனவே ஆர்எம் செய்துவிட்டார்களா என்று பார்க்க 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' உதவும், இதில் + குறிக்குப் பின் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து. அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளை அது பட்டியலிடும்.

7. டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லை என்றால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து, கோப்புகளைப் பதிவு செய்யும் ஐநோடு எண்கள் தீர்ந்திருக்கலாம்.

எண்ணிப் பாருங்கள். இத்தனை படிகளில் சர்வரை மாற்றியது நகல் எடுத்ததும் ட்ரங்கேட்டும்தான். மற்றதெல்லாம் பார்வை.

தொடும்போது எடுக்க வேண்டிய கவனம்

எம்கேடிஐஆர் ஃபோல்டர் உண்டாக்கும். சிபி நகல் எடுக்கும். எம்வி இடம் மாற்றும், பெயரும் மாற்றும். ஆர்எம் அழிக்கும். இவற்றில் எம்வியும் சிபியும் போகும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். '-ஐ' சேர்த்தால் கேட்கும். ஒற்றை > குறியும் அப்படித்தான், இருக்கும் கோப்பைத் துடைத்துவிட்டு எழுதும். இரட்டை >> கடைசியில் சேர்க்கும். ஆர்எம் அழித்ததற்கு ரீசைக்கிள் பின் கிடையாது.

என் முதல் வேலையின் நான்காம் மாதம். ஒரு ஃபோல்டரில் லாக் என்று முடியும் கோப்புகளை மட்டும் அழிக்கச் சொன்னார்கள். ஆர்எம், இடைவெளி, அதன்பின் *.லாக் என்று தட்ட வேண்டும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே இன்னோர் இடைவெளி விழுந்துவிட்டது. நட்சத்திரம் தனியாக நின்றால் 'எல்லாக் கோப்பும்' என்று பொருள். ஃபோல்டர் காலியானது. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மற்றவை திரும்பின. அன்று காலை முதல் வாடிக்கையாளர்கள் ஏற்றியிருந்த ஆவணங்கள் திரும்பவில்லை. என் சீனியர்கள் இருவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் போனில் அழைத்து மீண்டும் கேட்டு வாங்கினார்கள். அந்தக் குரல்களை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து கைவிடாத நான்கு பழக்கங்களை உங்களுக்கும் தருகிறேன்.

ஆர்எம் தட்டும் முன், அதே வடிவத்தை எல்எஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எல்எஸ் காட்டிய பட்டியல்தான் ஆர்எம் அழிக்கப்போகும் பட்டியல்.

'ஆர்எம் -ஆர்எஃப்' என்று எழுத நேர்ந்தால், கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு வரியை இடமிருந்து வலமாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அமைப்புக் கோப்பைத் திருத்தும் முன், தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு நகல் எடுங்கள். திருத்த 'நானோ' எளிது. ஆனால் எல்லாச் சர்வரிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. விஐ பெரும்பாலும் எங்கும் இருக்கும். அதில் ஐ தட்டினால் எழுதலாம், எஸ்கேப் அழுத்தி :டபிள்யூகியூ தட்டினால் சேமித்து வெளியேறலாம், :கியூ! தட்டினால் சேமிக்காமல் வெளியேறலாம்.

அழிக்கத் தயக்கமாக இருந்தால் எம்வி கொண்டு ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரம் யாரும் தேடவில்லை என்றால் பிறகு அழிக்கலாம்.

அனுமதியும் அதிகாரமும்

'எல்எஸ் -எல்' காட்டும் வரியின் தொடக்கத்தில் ஆர், டபிள்யூ, எக்ஸ் எழுத்துகள் மூன்று மூன்றாக நிற்கும். படிக்க, எழுத, இயக்க என்று பொருள். முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லாருக்கும். எண்ணில் சொன்னால் படிக்க 4, எழுத 2, இயக்க 1. 'சிஎச்எம்ஓடி 640' என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழு படிக்கலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஏதாவது ஓடவில்லை என்றால் 777 போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் அந்தக் கோப்பை மாற்றலாம் என்று கதவைத் திறந்துவிடுவது அது. யாருக்கு எந்த அனுமதி குறைகிறது என்று பார்த்து, அதை மட்டும் கொடுங்கள்.

ரூட் அதிகாரம் வேண்டிய கட்டளைக்கு முன்னால் 'சுடோ' சேர்க்க வேண்டும். யார், எப்போது, எந்தக் கட்டளையை சுடோவில் ஓட்டினார்கள் என்பது லாகில் பதிவாகும். அனுமதி இல்லை என்று ஒரு செய்தி வந்தால் உடனே சுடோ போட்டுத் தட்டாமல், ஏன் இல்லை என்று யோசியுங்கள். பல நேரம் நீங்கள் தவறான கோப்பைத் தொடுகிறீர்கள் என்பதன் எச்சரிக்கை அது.

மென்பொருள் நிறுவ உபுண்டு, டெபியனில் ஏபிடி, ரெட் ஹாட் குடும்பத்தில் டிஎன்எஃப். 'ஏபிடி அப்டேட்' பட்டியலைத்தான் புதுப்பிக்கும். 'ஏபிடி அப்கிரேட்' மென்பொருள்களையே மாற்றும். இரண்டாவதை புரொடக்‌ஷன் சர்வரில் யாரிடமும் சொல்லாமல் ஓட்டக் கூடாது.

சர்வர் மெதுவாக இருக்கிறது என்றால்

நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி இது. ரீஸ்டார்ட் செய்வேன் என்று தொடங்காதீர்கள். பார்க்கும் வரிசையைச் சொல்லுங்கள். 'அப்டைம்' கடைசி 1, 5, 15 நிமிடச் சுமையைக் காட்டும். அதை 'என்ப்ராக்' காட்டும் சிபியு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 'ஃப்ரீ -எச்' நினைவகம். 'டாப்' எந்த நிரல் அதிகம் இழுக்கிறது என்று காட்டும். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' குறிப்பிட்ட சேவை ஓடுகிறதா என்று சொல்லும். 'ஜர்னல்சிடிஎல் -யு' அந்தச் சேவையின் லாகைத் தரும்.

ஒரு நிரலை நிறுத்த வேண்டி வந்தால் முதலில் வெறும் 'கில்'. வேலையை முடித்துக்கொண்டு போ என்று அது சொல்லும். 'கில் -9' என்பது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும். அதைக் கடைசியில் வையுங்கள்.

முப்பது நாள் பயிற்சி

பயிற்சிக்குத் தனிக் கணினி வாங்க வேண்டாம். விண்டோஸ் 10, 11-இல் அட்மின் அதிகாரத்துடன் பவர்ஷெல்லைத் திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' என்று தட்டினால் உபுண்டு வந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவை நிறுவினால் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு துணிந்து உடைத்துப் பார்க்கலாம். லேப்டாப் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு முதல் வாரப் பாடத்தைச் செய்யலாம்.

முதல் வாரம்: பிடபிள்யூடி, எல்எஸ், சிடி, டேப். மௌஸைத் தொடாமல் உங்கள் கோப்புகளுக்குள் உலவுங்கள்.

இரண்டாம் வாரம்: லெஸ், டெயில், கிரெப், பைப். /வார்/லாகில் இருப்பவற்றைத் தினமும் அரை மணி நேரம் படியுங்கள்.

மூன்றாம் வாரம்: சிபி, எம்வி, ஆர்எம், அனுமதிகள். ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்து, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

நான்காம் வாரம்: எஸ்எஸ்எச், சேவைகள், டிஸ்க் செய்முறை. அந்த ஏழு படிகளையும் தாளைப் பார்க்காமல் செய்யுங்கள்.

சந்தேகத்துக்கு முதலில் 'மேன்' கேளுங்கள். 'மேன் டிஎஃப்' என்றால் டிஎஃப் கட்டளையின் கையேடு திறக்கும். தமிழில் படிக்க விரும்பினால், 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும் அதன் இலவச மின்னூல்களும் இருக்கின்றன. எங்கிருந்தோ எடுத்த கட்டளையாகட்டும், ஏஐ எழுதித் தந்ததாகட்டும், ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று உங்களால் சொல்ல முடியும்வரை ஓட்டாதீர்கள். சான்றிதழ் வேண்டுவோர் ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வைக் குறிவைக்கலாம். விடைகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அல்ல அது, உண்மையான கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும்

சர்வரிலிருந்து வெளியேறும் முன் 'ஹிஸ்டரி' என்று தட்டுங்கள். நீங்கள் செய்தவை எல்லாம் வரிசையாக வரும். அதை வைத்து டிக்கெட்டில் நான்கு வரி எழுதுங்கள். என்ன பார்த்தேன், காரணம் என்ன, எதை மாற்றினேன், திரும்பப் பழையபடி ஆக்க என்ன செய்ய வேண்டும். டிஸ்க் வேலைக்கு அது இப்படி இருக்கும்:

"/வார் 100%. பில்லிங் லாக் 40 ஜிபி. டேட்டாபேஸ் இணைப்புப் பிழை நேற்றிரவு 11 மணியிலிருந்து இடைவிடாமல் பதிவாகிறது. உரியவர்களிடம் கேட்டு, நகலைச் சுருக்கி பேக்கப்பில் வைத்துவிட்டு லாகைக் காலி செய்தேன். இப்போது 38%. இணைப்புப் பிழையை டேட்டாபேஸ் டீம் பார்க்க வேண்டும்."

இரவு ஷிஃப்ட்டில் வருகிறவர் இதைப் படித்தால் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது. காலையில் இதைப் படிக்கும் டீம் லீட், அடுத்த அலர்ட் வரும்போது உங்கள் மேசைக்குத்தான் வருவார்.